வயிறு நிறைந்தும் வாடும் பிராணிகள்: சமச்சீர் தீவனம் என்றால் என்ன?

1890களில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில், கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், மனிதர்களின் நரம்பையும் இதயத்தையும் பாதிக்கும் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் திடீரென்று கால் துவள ஆரம்பித்தது. முதலில் தள்ளாட்டம், பிறகு நிற்கவே முடியாமல் சாய்ந்து விழுவது, கடைசியில் மூச்சுத் திணறல். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு எந்த மருந்தும் இல்லாமல் மீதிக் கோழிகள் தேறிவிட்டன. அப்புறம்தான் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். இடையில் கொஞ்ச காலம் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்ததும், கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பியிருக்கின்றன. நோயும் நின்றுவிட்டது.

தவிட்டோடு போய்விட்ட அந்தப் பொருள் தயாமின் என்கிற வைட்டமின் பி1 என்பது பின்னால் தெரியவந்தது. 1929இல் ஐக்மானுக்கு, ஃபிரெடரிக் ஹாப்கின்ஸுடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்றைத்தான்: அந்தக் கோழிகளுக்குத் தீனி குறையவில்லை. சோற்றில் மாவுச்சத்து தாராளமாக இருந்தது. அந்த மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றிக்கொள்ள உடலுக்கு மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும் ஒரு பொருள் மட்டும் இல்லை. அது இல்லாததால் மற்றதெல்லாம் இருந்தும் பயன்படவில்லை.

சமச்சீர் தீவனம் என்று சொல்லும்போது நாம் பேசுவது இதைத்தான். ஒரு பிராணிக்கு நீர், ஆற்றல் தரும் மாவுச்சத்தும் கொழுப்பும், உடலைக் கட்டும் புரதம், நார்ச்சத்து, தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாம் வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். ஒவ்வொன்றும் எவ்வளவு, ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில், எந்தப் பிராணிக்கு, அதன் எந்தப் பருவத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னால்தான் அது சமச்சீர் தீவனம். இந்தக் கேள்விகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பார்க்க கால்சியம் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போனால் போதும்.

கால்சியத்தைப் பின்தொடர்ந்து

நாய்க்குட்டிக்கு நல்லது செய்வதாக நினைத்து எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. 100 கிராம் கொழுப்பில்லாத இறைச்சியில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம்தான் இருக்கும்; பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். வளரும் குட்டிக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ, கால்சியம் கொஞ்சம் கூடுதலாகவோ வேண்டும். ஒன்றுக்கு இருபது என்று தலைகீழாக வரும்போது ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கும். இதயத் துடிப்புக்கும் தசை அசைவுக்கும் நரம்புக்கும் அது வேண்டும் என்பதால் உடல் அதை விட்டுக்கொடுக்காது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். குட்டி கொழுகொழுவென்று இருக்கும், ரத்தப் பரிசோதனையிலும் கால்சியம் சரியாகவே தெரியலாம். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். சோபாவிலிருந்து குதித்ததில் கால் முறிந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இது புதுக் கதையில்லை. 1880களின் இறுதியில் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் சிங்கக்குட்டிகளுக்குக் கால் வளைந்து, அவை தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தன. கொழுப்பில்லாத குதிரை இறைச்சியே அவற்றின் உணவு. ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற மருத்துவர் சொன்னபடி நொறுக்கிய எலும்பு, பால், காட் மீன் ஈரல் எண்ணெய் மூன்றையும் சேர்த்த பிறகு குட்டிகள் தேறின. காட்டில் சிங்கம் வெறும் சதையைத் தின்பதில்லை. ஈரல், குடல், மென்மையான எலும்பு எல்லாம் அதன் உணவில் சேரும். ஈரல் எண்ணெயில் வைட்டமின் டி இருந்தது. அது இல்லாமல் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ஆக, கால்சியத்துக்கு பாஸ்பரஸின் அளவும் பொருந்த வேண்டும், வைட்டமின் டியின் துணையும் வேண்டும்.

சரி, அப்படியானால் கால்சியம் மருந்தை நிறைய ஊற்றிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய உடல்வாகுள்ள நாய் இனங்களின் குட்டிகளுக்கு, சரியாகத் தயாரித்த தீவனத்துக்கு மேல் கால்சியம் மாத்திரையும் கொடுத்தால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தை ஓரளவு தடுத்துவிடும். மிகச் சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் முழுதாக அமைந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும்.

கறவை மாட்டில் இது இன்னும் ஆச்சரியமானது. ஒரு பெரிய பசுவின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமே சுமார் 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கும். கன்று ஈன்ற அன்று 10 லிட்டர் சீம்பால் கறந்தால், ரத்தத்தில் இருப்பதைப் போல ஏழு மடங்கு கால்சியம் ஒரே நாளில் வெளியே போகிறது. எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும் ஏற்பாடு உடனே முடுக்கிவிடப்பட வேண்டும். தாமதமானால் பசு தடுமாறி உட்கார்ந்துவிடும், எழுந்திருக்காது, தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும், காது சில்லிட்டுப் போகும். பால் காய்ச்சல் என்று இதைச் சொல்வார்கள். மருத்துவர் உடனே வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்ற வேண்டிய அவசர நிலை இது.

இதைத் தடுக்க, சினை மாட்டுக்குக் கடைசி மாதத்தில் கால்சியம் அள்ளிக் கொடுப்பதுதான் வழி என்று தோன்றும். அப்படிச் செய்வது பெரும்பாலும் எதிர்விளைவைத்தான் தரும். தீவனத்திலிருந்தே தாராளமாகக் கிடைக்கும்போது பாராதைராய்டு சுரப்பிக்கு வேலையில்லை, எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடும் சோம்பிக் கிடக்கும். ஈன்ற அன்று திடீரென்று தேவை எகிறினால் அது விழித்துக்கொள்ளவே சில நாட்கள் ஆகும். வறட்சிக் காலத்தின், அதாவது பால் வற்றவைத்த நாட்களின், கடைசி வாரங்களில் கால்சியத்தைக் குறைத்துக் கொடுத்தால் இந்த நோய் குறைகிறது என்று 1950களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். ஈன்ற பிறகு தாராளமாகத் தர வேண்டும். அதே பசு, அதே கால்சியம், இடையில் சில வாரங்கள்தான். சரியான அளவு தலைகீழாக மாறிவிடுகிறது.

கோழிக்கு வருவோம். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் உடலில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவுக்கு வேண்டும். அதனால் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை கால்சியம் சேர்க்கிறார்கள். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். தீவனம் மிஞ்சிவிட்டதே என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குத் தொடர்ந்து போட்டால் அவற்றின் சிறுநீரகம் கெட்டுப்போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. சற்றுப் பெரிய துண்டுகளாக உள்ள சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ மாலையில் தின்னக் கிடைத்தால், அது மெதுவாகக் கரைந்து இரவு முழுக்க கைகொடுக்கும்.

ஒன்றின் உணவு மற்றொன்றுக்கு ஆகாது

பூனையைக் குட்டி நாய் மாதிரி நினைத்து ஒரே தீவனத்தை இரண்டுக்கும் போடுவது பரவலான பழக்கம். பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னப் பிறந்தது. தாவரங்களில் உள்ள பீட்டா கரோட்டினை அதனால் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள முடியாது; ஈரல் போன்றவற்றில் உருவாகி இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். டாரின் என்ற அமினோ அமிலத்தையும் அதன் உடல் போதுமான அளவு தயாரிக்காது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1970களில் தெரிந்தது. 1987இல், இதயம் தளர்ந்து வீங்கிய நிலையில் வந்த பூனைகளுக்கு டாரின் குறைவாக இருப்பதும், அதைக் கொடுத்தால் இதயம் தேறுவதும் தெரியவந்தது. அந்தப் பூனைகள் தின்றவற்றில் கடையில் விற்ற தயாரிப்புத் தீவனங்களும் உண்டு. அதன் பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரின் அளவைக் கூட்டினார்கள். இப்படி ஒரு நோய் ஏறக்குறைய மறைந்தே போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டாலும் பூனைக்கு ஆபத்து. அவற்றில் தயாமினைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. ஐக்மானின் கோழிகளுக்கு நேர்ந்தது பூனைக்கும் நேரும். தலை தொங்கும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

கினிப்பன்றி நம்மைப் போல வைட்டமின் சியைத் தானே தயாரிக்க இயலாதது. அதற்கு முயல் தீவனத்தைப் போட்டு வளர்த்தால் ஈறு வீங்கும், மூட்டு வலியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். முயலுக்கோ வைட்டமின் சி பிரச்சினையில்லை, நார்ச்சத்துதான் உயிர்நாடி. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் உலர்புல்லை மென்று மென்று தேய்க்க வேண்டும். கிளிக்கு விதைகளை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும்.

செம்மறி ஆட்டுக்கும் தாமிரத்துக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாமிரம் அதற்கும் அவசியம். சினை ஆட்டுக்குக் குறைந்தால் குட்டி பின்னங்கால் தள்ளாடியபடி பிறக்கும். ஆனால் மிச்சத்தை வெளியேற்றும் திறன் செம்மறிக்கு மிகக் குறைவு. மாட்டுக்கோ பன்றிக்கோ தயாரித்த தீவனத்தையும் தாதுக் கலவையையும் செம்மறிக்கு வைத்தால் தாமிரம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஏதாவது அலைச்சலோ அதிர்ச்சியோ ஏற்படும்போது மொத்தமாக ரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். பையில் எந்தப் பிராணிக்கு என்று அச்சிட்டிருப்பதைத் தயவுசெய்து படியுங்கள்.

மாட்டுக்குத் தீனி போடுவது யாருக்கு?

ஆடு, மாடு போன்ற அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் நான்கு அறைகள். முதலாவதும் பெரியதுமான ரூமன் வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே வாழ்கின்றன. புல்லில் இருக்கும் செல்லுலோஸைப் பசுவால் செரிக்க முடியாது, இவைதான் புளிக்கவைத்து ஆற்றலாக்குகின்றன. புரதம் தயாரிப்பதும், பி வைட்டமின்களைத் தயாரிப்பதும் இவைதான். ஆகவே நாம் போடும் தீவனம் முதலில் போய்ச் சேருவது இந்த நுண்ணுயிர்களிடம். அவற்றுக்கு ஒவ்வாததைப் போட்டால் பசு நோயுறும்.

ரூமனின் அமிலநிலை 6 முதல் 7 வரையிலான பி.எச். அளவில் (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) இருந்தால் அவை நன்றாக வாழும். பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தை மட்டுப்படுத்தும். நீளமான புல்லும் வைக்கோலும் தின்று, பல மணி நேரம் படுத்து அசைபோட்டால்தான் இவ்வளவு உமிழ்நீர் ஊறும். பால் கூட வேண்டும் என்று தானியத்தை அள்ளிப் போட்டு நார்த் தீவனத்தைக் குறைத்தால் அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும். மறுபக்கம் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். பி.எச். 5.5க்குக் கீழே போகும்போது தீனியில் ஆர்வம் குறையும், சாணம் இளகும், பாலில் கொழுப்பு குறையும், பல வாரம் கழித்து நொண்டும். கட்டை அவிழ்த்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்து வயிறு முட்டத் தின்ற மாடு ஒரே நாளில் செத்துப்போவதும் இதனால்தான்.

நுண்ணுயிர்களுக்கே ஒரு பொருள் குறைந்தால் என்ன ஆகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில பகுதிகளில், இடுப்பளவு செழித்த புல்வெளியில் மேய்ந்துகொண்டே ஆடுமாடுகள் மெலிந்து, ரத்தசோகையில் செத்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தார்கள். சில இடத்துத் தாது குணப்படுத்தியது, வேறு சில இடத்துத் தாது பலன் தரவில்லை. 1935 வாக்கில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். குணப்படுத்தியது இரும்பே இல்லை, தாதுவில் துளியளவு கலந்திருந்த கோபால்ட். ரூமன் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 தயாரிக்க கோபால்ட் வேண்டும். அந்த மண்ணில் அது இல்லை, அதனால் புல்லிலும் இல்லை. உலர் தீவனம் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்ற அளவே போதுமானது. உள்ளூர் மண்ணில் எந்தத் தாது குறைவு என்று தெரிந்துகொண்டு தாது உப்புக் கலவையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நோயும் தீவனமும்

நல்ல தீவனம் போட்டால் நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சுத்தமான கொட்டகை எல்லாம் தனித்தனியே வேண்டும். தீவனம் செய்வது, தாக்குதல் வரும்போது தாங்கிக்கொள்ளும் வலுவைத் தருவது. நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருட்கள் புரதத்தால் ஆனவை. மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உள்தோல் திடமாக இருக்க வைட்டமின் ஏ வேண்டும். தோலுக்கும் குளம்புக்கும் துத்தநாகம். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும்போது தங்களையே எரித்துக்கொள்ளாமல் காப்பவற்றில் செலினியமும் வைட்டமின் ஈயும் முக்கியம். புரதம் போதுமான அளவு கிடைக்கும் ஆடு, குடற்புழு இருந்தாலும் மற்றதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

கன்றுக்கு முதல் சில மணி நேரம்தான் எல்லாமே. கருப்பையில் இருக்கும்போது தாயிடமிருந்து எதிர்ப்பொருட்கள் கன்றுக்கு வருவதில்லை. சீம்பாலில்தான் வருகின்றன. அவற்றை அப்படியே உள்வாங்கும் கதவு குடலில் பிறந்தவுடன் திறந்திருக்கும், மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். முடிந்தவரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கி, கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலை முதல் நாளில் கொடுத்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அதிகமாகத் தின்பதும் ஊட்டக்கேடுதான். இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஒவ்வொரு சோடியும் ஒரே ஈற்றைச் சேர்ந்தது. 2002இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது

முதலில் தீவனத்தில் உள்ள தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகுங்கள். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 25 கிலோ புல் போட்டால் உள்ளே போகும் உலர்பொருள் 5 கிலோதான். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். செல்லப்பிராணித் தீவனத்திலும் இதே கணக்கு. டின் உணவில் புரதம் 10 சதவீதம், தண்ணீர் 78 சதவீதம் என்று போட்டிருந்தால், தண்ணீர் போக மீதி 22இல் 10, அதாவது சுமார் 45 சதவீதம் புரதம். உலர் உணவில் புரதம் 32, தண்ணீர் 10 என்றால் 35 சதவீதத்துக்குச் சற்று மேல். பையில் பெரிதாகத் தெரிந்த எண் உண்மையில் சிறியது. குடிக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் வரும். பால் 87 சதவீதம் தண்ணீர், மாட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் பால் அன்றைக்கே குறைந்துவிடும்.

அப்புறம் கையால் தொட்டுப் பாருங்கள். நாய், பூனையின் விலாவில் விரல்களை லேசாக ஓட்டும்போது எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் அளவைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. பசுவுக்கு இடுப்பெலும்பு, வால் அடிப்பகுதி, கடைசி விலாக்கள். சாணம் தினமும் செய்தி சொல்லும்: தண்ணீராக இருந்தால் தானியம் மிகுதி, உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தால் நார் மிகுதி அல்லது தண்ணீர் குறைவு, முழுத் தானியம் தெரிந்தால் அது செரிக்காமலே போகிறது. படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாடு பருவத்துக்கு வரவில்லை, சினை பிடிக்கவில்லை என்றாலும் ஊசி போடுவதற்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பாருங்கள். மெலிந்த உடல் முதலில் விட்டுக்கொடுப்பது இனப்பெருக்கத்தைத்தான்.

குறையைக் கண்டதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டாம். நாய், பூனைக்குப் பழைய தீவனத்தில் கால்பங்கு புதியதைக் கலந்து தொடங்கி ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றலாம். ஆடு, மாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ரூமனில் ஒரு வகை நுண்ணுயிர் குறைந்து இன்னொரு வகை பெருக அவ்வளவு காலம் பிடிக்கும். பருத்த பூனை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். புதுத் தீவனம் பிடிக்காமல் அது இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால், பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடாதீர்கள். உடலில் இருக்கும் கொழுப்பு முழுக்க ஈரலுக்குப் பாய்ந்து ஈரலைச் செயலிழக்க வைத்துவிடும். பழைய தீவனத்தையே திரும்ப வையுங்கள், அதையும் மறுத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.